பாலைவன ஏரிகள் கூறும் மழை வரலாறு

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

"அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது, இப்போதுதான் வானம் பொய்க்கிறது" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது 1875-ஆம் ஆண்டில்தான். மழைமானி கொண்டு அளந்து எழுதிய கணக்கு நம் நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே பின்னோக்கிச் செல்கிறது. அதற்கு முந்திய ஆயிரமாயிரம் ஆண்டுகளில் பருவமழை எப்படிப் பெய்தது என்பதை எந்த மனிதனும் எழுதிவைக்கவில்லை.

மனிதன் எழுதாத கணக்கை இயற்கை எழுதிவைத்திருக்கிறது. அது இருக்குமிடம் வியப்புக்குரியது. மழையே அரிதான இராஜஸ்தானத்துத் தார் பாலைவனத்தில், வறண்டு கிடக்கும் பழைய ஏரிகளின் அடிச்சேற்றில் அக்கணக்கு அடுக்கடுக்காகப் பதிந்துள்ளது. அச்சேற்றை எவ்வாறு படிக்கிறார்கள், அது என்ன கூறுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு அதில் என்ன பாடம் உள்ளது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வடிகால் இல்லாத ஏரி

நம் ஊர்க் கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டு, மடை உண்டு, நிரம்பினால் வெளியேற மறுகாலும் உண்டு. பாலைவன ஏரிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. சுற்றிலும் மேடான நிலம் சூழ்ந்த பள்ளத்தில் மழைநீர் வந்து சேர்கிறது. வெளியே செல்ல வழியில்லை. ஆவியாதல் ஒன்றே நீர் குறையும் வழி.

இத்தகைய ஏரி ஒரு பெரிய மழைமானியைப் போன்றது. மழை மிகுந்தால் நீர்மட்டம் உயரும்; மழை குறைந்தால் நீர் வற்றி, கரைந்திருந்த உப்பு மட்டும் தங்கிவிடும். ஜெய்ப்பூருக்கு மேற்கே உள்ள சாம்பர் ஏரி, திட்வானா, லூன்கரன்சர் முதலிய ஏரிகள் உவர் ஏரிகளாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்தியாவின் உள்நாட்டு உவர் ஏரிகளில் மிகப் பெரியது சாம்பர். பிகானேர் மாவட்டத்து லூன்கரன்சரோ பெரும்பாலும் உலர்ந்த வெண்ணிறத் தரை. அங்கு ஆண்டு மழை 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. வெயிலால் ஆவியாகக்கூடிய நீரின் அளவு அதைப்போலப் பல மடங்கு. ஆயினும் அத்தரையைத் தோண்டிப் பார்த்தால், ஒரு காலத்தில் அங்கு ஆழமான நீர் நிலைத்து நின்றதற்கான சான்றுகள் கிடைக்கின்றன.

சேற்றைப் படிக்கும் முறை

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் மெல்லிய படிவு சேர்கிறது. பழையது கீழேயும் புதியது மேலேயும் இருக்கும். ஆராய்ச்சியாளர் குழி தோண்டியோ, குழாயைச் செலுத்தியோ இப்படிவை வரிசை குலையாமல் வெளியே எடுக்கின்றனர். பிறகு அதனிடம் நான்கு வகைச் சாட்சியங்களைக் கேட்கின்றனர்.

முதலாவது, படிவின் தன்மையும் அதிலுள்ள உப்பும். ஆழமான அமைதியான நீரில் நுண்ணிய களிமண் படியும். ஏரி காய்ந்துவிட்டால் காற்று கொண்டுவந்த மணல் அதன்மேல் மூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை உப்புகள் காட்டுகின்றன. நீர் வற்ற வற்ற எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. கரைதிறன் குறைந்த கால்சியம் கார்பனேட் முதலில் பிரியும், அடுத்து ஜிப்சம், இறுதியில்தான் சோற்றுப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் பாத்திக்கு நீர் வருமுன்னரே ஜிப்சம் தங்கிவிடுவது இதனால்தான். ஆகவே ஓர் அடுக்கில் ஜிப்சம் இருந்தால் ஏரி சுருங்கிக்கொண்டிருந்தது என்றும், சோற்றுப்பு இருந்தால் அநேகமாக வற்றிவிட்டது என்றும் அறியலாம். நம் ஆய்வகத்தில் பயிலும் படிகமாக்கல் பாடமே இங்கு வரலாற்றுப் பாடமாகிறது.

இரண்டாவது, மகரந்தம். ஒவ்வொரு தாவரத்தின் மகரந்தத் துகளும் தனித்த வடிவமுடையது. அதன் புறவுறை மிகவும் உறுதியானது. மண்ணின் சிலிக்காவைக் கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தையும் அது தாங்கி நிற்கும். இவ்வாறு பிரித்தெடுத்த துகள்களை நுண்ணோக்கியில் வைத்து இனம் வாரியாக எண்ணுவார்கள். சம்பு போன்ற நன்னீர்த் தாவரங்களின் மகரந்தம் மிகுந்திருந்தால் ஏரியில் நல்ல நீர் இருந்தது; உவர்நிலச் செடிகளின் மகரந்தம் மிகுந்தால் நீர் கெட்டுக் குறைந்தது. மகரந்தத்தை எண்ணிப் பழைய தாவர நிலையை அறியும் இம்முறையை 1916-இல் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் உலகறியச் செய்தார். நம் நாட்டில் இத்துறைக்கு நிலைக்களனாக விளங்குவது லக்னோவில் 1946-இல் பீர்பால் சாஹ்னி தோற்றுவித்த தொல்தாவரவியல் ஆய்வு நிறுவனம்.

மூன்றாவது, நத்தை ஓடு. ஆக்சிஜனில் எடை 16 உடைய அணுக்களோடு எடை 18 உடையவையும் சிறிதளவு கலந்துள்ளன. நீர் ஆவியாகும்போது இலேசானது எளிதில் பறந்துவிடும். கனமானது ஏரியில் மிகும். அந்நீரில் வாழும் நத்தையின் ஓட்டிலும் இவ்விகிதம் பதிந்துவிடும். எனவே ஒரு சிறு ஓட்டைக்கொண்டு அக்காலத்து ஆவியாதலின் மிகுதியை அறிய முடிகிறது.

நான்காவது, காலக்கணக்கு. மேற்கூறிய மூன்றும் என்ன நடந்தது என்று சொல்லும். எப்போது நடந்தது என்பதைக் கதிரியக்கக் கார்பன் சொல்லும். எடை 14 உடைய கார்பன் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. படிவிலுள்ள உயிர்ப்பொருளில் எஞ்சியிருக்கும் அளவை அளந்தால் அதன் வயது தெரியும். இம்முறையைக் கண்ட வில்லார்டு லிப்பிக்கு 1960-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கார்பன் கணக்கின் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் சரியாக ஒத்திருப்பதில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் பேசும் காலத்தில் உண்மையான வயது கார்பன் கணக்கைவிடப் பல நூறு ஆண்டுகள் கூடுதலாக இருக்கும்.

தார் ஏரிகள் கூறியது

இராஜஸ்தானத்து உவர் ஏரிகளின் மகரந்தத்தை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் குர்தீப் சிங். 1971-லும் 1974-லும் வெளிவந்த அவருடைய ஆய்வுகள், இன்றைய பாலைவனம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைவிட ஈரமான நிலமாக இருந்தது என்று காட்டின. பின்னர் திட்வானா ஏரியின் படிவை ஆராய்ந்தவர்கள், கடைசிப் பனியூழிக் காலத்திற்குரிய அடி அடுக்குகளில் உப்புப் படிவையும், அதற்கு மேலே நன்னீர் நின்ற காலத்துப் படிவையும் கண்டனர்.

1999-இல் 'சயின்ஸ்' இதழில் லூன்கரன்சர் ஏரியைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. என்செல் என்பவரும் அவருடைய குழுவினரும் அடுக்குகளை நெருக்கமாகப் பிரித்துக் காலம் கணித்திருந்தனர். முதலில் ஏரி ஆழமின்றி ஏறியும் இறங்கியும் இருந்தது. கார்பன் கணக்கில் சுமார் 6,300 ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டம் திடீரென உயர்ந்தது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் நீர் நிலைத்தது. பின்பு சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் ஏரி முழுவதும் வற்றியது. அதே சமயத்தில் சுற்றியிருந்த மணற்குன்றுகளும் நிலைபெயர்ந்து நகரத் தொடங்கின.

ஒரு கருத்தும் அதன் திருத்தமும்

சிந்துவெளி நகரங்கள் ஏன் அழிந்தன என்ற கேள்வியோடு இந்த ஏரிகள் நெடுங்காலமாக இணைத்துப் பேசப்படுகின்றன. மழை மிகுந்த காலத்தில் ஹரப்பா நாகரிகம் வளர்ந்தது, மழை குறைந்தபோது தளர்ந்தது என்பது 1971-இல் குர்தீப் சிங் முன்வைத்த கருத்து. கேட்பதற்கு எளிதாகவும் பொருத்தமாகவும் இருந்ததால் அது விரைவில் பரவியது.

லூன்கரன்சர் ஆய்வு இவ்விணைப்பை அசைத்துவிட்டது. ஏரி வற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகே சிந்துவெளிப் பெருநகரங்கள் செழித்தன. அவற்றின் உயர்காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை என்பர். அப்படியானால் வறண்ட காலத்தில் அல்லவா அந்நகரங்கள் எழுந்தன?

இது புதிர்போலத் தோன்றினாலும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். ஓரிடத்தில் பெய்யும் மழை வேறு. அவ்விடத்து மக்கள் பயன்படுத்தும் நீர் வேறு. வடிகாலற்ற ஏரி தன் பள்ளத்தில் பெய்த மழையை மட்டுமே சொல்லும். இராஜஸ்தானத்துக் காளிபங்கனில் உழவுசால் பதிந்த பழைய வயலைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்டனர். அவ்வூர் காகர் ஆற்றங்கரையில் இருந்தது. சிந்துவெளி உழவர்கள் வேறிடத்து மழையைக் கொண்டுவந்த ஆறுகளையும் வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலையும் நம்பினார்கள். இன்றும் அப்பாலைவனத்தின் ஒரு பகுதி பசுமையாக இருப்பது அங்கு பெய்யும் மழையால் அன்று. 1927-இல் திறக்கப்பட்ட கங் கால்வாயும், 1958-இல் பணி தொடங்கிய இந்திரா காந்தி கால்வாயும் தொலைவிலிருந்து கொண்டுவரும் நீரால்தான்.

அப்படியெனில் மழைக்கும் அந்நகரங்களின் தளர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா? அவ்வாறும் முடிவு கட்ட இயலாது. அரியானாவில் உள்ள கோட்லா தஹார் என்ற பழைய ஏரியின் நத்தை ஓடுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் கோடைப் பருவமழை திடீரெனத் தளர்ந்ததைக் காட்டியது. மேகாலயத்தின் மவ்ம்லூ குகையில் உள்ள சுண்ணாம்புக் கசிவுப் படிவும் ஏறத்தாழ அதே காலத்து வறட்சியைக் காட்டுகிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2018-இல் நிலவியலாளர்கள் அன்று முதல் இன்று வரையுள்ள காலத்திற்கு 'மேகாலயன்' என்றே பெயரிட்டனர். இந்த இரண்டாம் வறட்சி நகரங்களின் தளர்ச்சியோடு காலத்தால் நெருங்குகிறது. எனினும் அதைப் பல காரணங்களுள் ஒன்றாகக் கருதுவதே பொருந்தும். ஒரே ஏரியைக் கொண்டு ஒரு நாகரிகத்தின் கதையை எழுதிவிடக் கூடாது என்பது இதிலிருந்து நாம் பெறும் விஞ்ஞான ஒழுக்கம்.

உலகெங்கும் வற்றிய ஏரிகள்

இம்மாற்றம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் சகாராவின் தென்விளிம்பிலுள்ள சாட் ஏரி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் மூன்று இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பரந்திருந்தது. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை எண்ணினால் அதன் பெருமை விளங்கும். அமெரிக்காவில் இன்றுள்ள பெரும் உவர் ஏரி, 300 மீட்டருக்கும் மேல் ஆழமாயிருந்த பான்வில் ஏரியின் எச்சம். மலைச் சரிவுகளில் அதன் பழைய கரைக்கோடுகள் படிக்கட்டுகள்போல் தெரிவதை கில்பர்ட் 1890-லேயே விரித்தெழுதினார். ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரி வற்றிய கரையில் 1968-இல் கிடைத்த மனித எலும்புகள், சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரியை நம்பி மக்கள் வாழ்ந்ததைக் கூறுகின்றன.

மழை ஏன் மாறியது?

பூமி சுழலும் பம்பரத்தைப்போல் தலையசைத்துக்கொண்டே சூரியனைச் சுற்றுகிறது. இதனால் பூமி சூரியனை மிக நெருங்கும் நாள் மெதுவாக நகர்கிறது. இப்போது நாம் சூரியனை மிக நெருங்குவது சனவரி மாதத் தொடக்கத்தில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்நெருக்கம் வடகோளத்தின் கோடையில் அமைந்தது. அப்போது இந்தியாவும் சகாராவும் கோடையில் இன்றைவிட அதிகமாகச் சூடேறின. நிலம் கடலைவிட மிகுதியாகச் சூடேறினால் கடற்காற்று வலுவாக உள்ளே வரும்; பருவமழை பெருகும். பிறகு அவ்வெப்பம் சிறிது சிறிதாகக் குறைந்தது; மழையும் தளர்ந்தது.

இங்கு ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. காரணம் மிக மெதுவானது. விளைவோ சில இடங்களில் திடீரென வந்தது. லூன்கரன்சர் படிப்படியாக நிறைந்து படிப்படியாக வற்றவில்லை. வெயில் உச்சமாயிருந்த காலமும் அந்த ஏரி நிறைந்திருந்த காலமும் சரியாகப் பொருந்தவும் இல்லை. பருவமழை நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. ஓர் எல்லை வரை தாக்குப்பிடித்து, அதன்பின் சட்டென நிலைமாறக் கூடியது.

நம் மலைகளிலும் சான்று உண்டு

தார் பாலைவனம் எங்கோ வடக்கில் உள்ளது, அதன் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அங்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்றே நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பெய்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் மட்கிச் சேர்ந்த தாவரப் படிவை ஆராய்ந்து, சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டனர்.

அவர்கள் அளந்தது எடை 13 உடைய கார்பனின் விகிதம். நெல்லும் பெரும்பாலான மரங்களும் ஒருவகையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. சோளம், கம்பு, கரும்பு போன்ற வெப்பநிலப் புல்லினங்கள் வேறு வகையில் செய்கின்றன. இரண்டாம் வகை வறட்சியைத் தாங்க வல்லது. இவ்விருவகைத் தாவரங்களிலும் கார்பன் விகிதம் வேறுபடுவதால், மட்கிய படிவைக்கொண்டு அங்கு எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்று கூறலாம். பனியூழிக் காலத்தின் உச்சமாகிய சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் வறண்ட நிலத்துப் புற்கள் மிகுந்திருந்தன. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தது. வடக்கே ஏரிச்சேறு சொன்ன பெரிய மாற்றத்தைத் தெற்கே மலைச்சதுப்பும் உறுதி செய்கிறது.

நம் ஊர்க் கண்மாயின் கரம்பை மண்ணிலும் இக்கணக்கைப் படிக்கலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. கண்மாய்க்கு மடையும் மறுகாலும் உண்டு. கோடையில் உழவர்கள் கரம்பையை வெட்டி வயலுக்கு ஏற்றிச் செல்வார்கள். அடுக்குகள் கலைந்துவிடும். மனிதன் கை படாத இடமே நம்பத்தக்க ஏடாகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் இரு மழைகள்

நம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் தன் நீரைப் பெரும்பாலும் கொட்டிவிட்டு, இப்புறம் வெறுங்காற்றாக இறங்குகிறது. இப்பள்ளத்தாக்கிலேயே பெய்யும் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஆயினும் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையில் சூன் மாதத்தில் நாற்றுப் பாவுவது தென்மேற்குப் பருவத்தை நம்பித்தான். மலைக்கு மேற்கே பெய்த மழை பெரியாற்று அணையில் தேங்கி, சுரங்கவழியாகக் கிழக்கே வந்து, முல்லைப் பெரியாறாக நம் வயல்களுக்கு வருகிறது. பின்னர் வைகையோடு கலந்து 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணைக்குச் செல்கிறது.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கிய பின்னரே இத்திட்டம் விரைவுபெற்றது. பென்னிகுயிக் தலைமையில் 1895-இல் அணை முடிந்தது. பருவமழை ஓரிரு ஆண்டுகள் தவறியதன் விளைவு அப்பஞ்சம். பாலைவன ஏரிகள் காட்டுவதோ நூற்றாண்டுகள் நீடித்த தளர்ச்சி.

ஆகவே நம் நிலையும் ஒருவகையில் காளிபங்கன் உழவரின் நிலையே. நம் வயலில் பெய்யாத மழையால் நாம் விளைவிக்கிறோம். அணை நீரைச் சேர்த்து வைக்கும், மழையை உண்டாக்காது. அணை கட்டியவர்கள் கையில் இருந்தது சில பத்தாண்டு மழைக்கணக்கு மட்டுமே. இயற்கையின் நீண்ட கணக்கோ மழையின் அளவு நிலையானதல்ல என்று கூறுகிறது.

இயற்கையின் மாற்றமும் இன்றைய மாற்றமும்

"பண்டைக் காலத்திலேயே தட்பவெப்பம் தானாக மாறியிருக்கிறது, இன்று மாறினால் மனிதன் மேல் ஏன் பழி சுமத்த வேண்டும்?" என்று வாதிடுவோர் உண்டு. இதற்கு விடை காற்றில் உள்ளது. பனியூழிக் காலத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 180 பங்கு. அது 280 ஆக உயரப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. தொழிற்புரட்சிக்குப் பின் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அது 420-ஐயும் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்ததே இதற்குப் பெருங்காரணம். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது பெருமழையாகக் கொட்டவும், இடையில் வறட்சி நீளவும் வாய்ப்பு மிகுகிறது.

பூமியின் தலையசைவு போன்ற மெதுவான தூண்டுதலுக்கே ஏரிகள் திடீரெனப் பெருகியும் வற்றியும் போயின என்றால், இவ்வளவு விரைவான தூண்டுதலுக்குப் பருவமழை அசையாதிருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. பழைய மாற்றங்கள் நமக்கு ஆறுதல் அளிப்பவை அல்ல, அவை எச்சரிக்கை.

முடிவுரை

மாதம் மும்மாரி பெய்த பொற்காலம் ஒன்று இருந்ததென்பதற்கு ஏரிச்சேற்றில் சான்றில்லை. மழை மிகுந்த ஆயிரமாண்டும் இருந்தது. வறண்ட ஆயிரமாண்டும் இருந்தது. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து வாழ்ந்தவர்கள் வறண்ட காலத்திலும் நகரம் எழுப்பினர். அந்த ஆற்றுநீரும் தளர்ந்தபோது அவர்களுக்கும் இடர்ப்பாடு வந்தது.

நமக்கு நீர் வருமிடம் மேற்கு மலைக்காடுகள். அக்காடுகளைக் காப்பதும், கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் அடைபடாமல் வைத்திருப்பதும், ஒரே பருவமழையை மட்டும் நம்பாமல் இரு மழைகளின் நீரையும் தேக்கிவைப்பதும் நம் கடமை. இவற்றோடு மாணவர்களாகிய நாம் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றும் உண்டு. கல்லூரியில் மழையளவு ஏடு ஒன்றைத் தொடங்கி, நாள் தவறாமல் அளந்து எழுதி, ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பாரிடம் ஒப்படைக்கலாம். பத்து ஆண்டுகளில் அது ஒரு சான்றாகும். ஐம்பது ஆண்டுகளில் ஒரு செல்வமாகும். சேறு எழுதிவைத்த கணக்கைப் படிக்கக் கற்ற நாம், நம் காலத்துக் கணக்கை நாமே எழுதிவைப்பதுதானே முறை?